வாசகர் கேள்வி பதில்: எங்கட டென்சன் பிள்ளையளில எப்பிடி இறங்குது?

இந்த முறை வந்த கடிதங்களிலயும் வட்ஸ்அப் குரல் பதிவுகளிலயும் பாதிக்கு மேல ஒரே விசயம்தான். தாய் தேப்பன்ர மனப்பாரம் பிள்ளையளைப் பாதிக்குமோ, பாதிச்சா என்ன செய்யிறது எண்டு. அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு எடுத்து வச்சிட்டு இதை மட்டும் கதைப்பம். ஒருத்தரின்ர பெயரும் போடேல்ல, பகுதி மட்டும்தான்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு ரெண்டு பிள்ளையள், மூத்தவ மூண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு நாலு வயசு. இவர் ஓட்டோ ஓடுறவர், லீசிங்கில எடுத்தது, 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக்குள்ள கட்டேலாமல் விட்ட காசு இப்பவும் வட்டியோட இழுபடுது, என்ர சங்கிலியும் காப்பும் அடகில. லீசிங்காரர் போன் எடுத்தா இவர் அந்தக் கோவத்தை என்னில காட்டுவார், நான் பிள்ளையளில காட்டுவன், உண்மையைத்தான் எழுதுறன். ஆனா பிள்ளையளுக்கு முன்னால சண்டை பிடிக்கிறேல்ல, அவை படுத்தாப்பிறகு குசினிக்குள்ள நிண்டுதான் கதைக்கிறது. மூத்தவ கொஞ்ச மாசமா காலமையில வயித்துக்குத்து எண்டு அழுறா. டொக்டரிட்டக் காட்டி சலம், ரத்தம், ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, ஒண்டும் இல்லையாம். பள்ளிக்கூடக் கள்ளத்தில நடிக்கிறா எண்டு இவர் சொல்லுறார், ஆனா சனி ஞாயிறிலயும் குத்துது. நாங்கள் ஒண்டுமே சொல்லாத பிள்ளைக்கு எங்கட பிரச்சினை என்னெண்டு தெரியும்? (சுன்னாகம்)

பதில்: தங்கச்சி, பிள்ளை நடிக்கேல்ல, அதை முதல்ல இவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. மனப் பதட்டத்தில வாற வயித்துக்குத்து உண்மையான குத்துத்தான். வயித்துக்கும் மூளைக்கும் இடையில நேரடியா நரம்புத் தொடர்பு இருக்கு, பயம் வந்தா உடம்பு அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் ரத்தத்தில விடுது, நெஞ்சு படபடக்கும், குடல் இயங்கிற விதம் மாறும், மற்ற நேரம் தெரியாத சின்ன அசைவு கூட நோவாத் தெரியும். எங்களுக்கு சோதனைக்கு முதல்நாள் வயித்தைக் கலக்கினதும் இதாலதான். எட்டு வயசுப் பிள்ளைக்கு "எனக்குப் பயமா இருக்கு, என்னத்துக்கெண்டு தெரியேல்ல" எண்டு சொல்ல வராது, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கத்தான் வரும். இலங்கைப் பள்ளிக்கூடப் பிள்ளையளில செய்த ஆய்வுகளிலயும் காரணம் பிடிபடாத வயித்துக்குத்துக்கும் வீட்டிலயும் பள்ளிக்கூடத்திலயும் இருக்கிற மனஅழுத்தத்துக்கும் தொடர்பு கண்டிருக்கினம்.

சனி ஞாயிறிலயும் குத்துது எண்டு எழுதியிருக்கிறியள் பாருங்கோ, அது முக்கியம். பள்ளிக்கூடத்தில பயம் எண்டா பெரும்பாலும் வெள்ளி பின்னேரம் சுகமாகி ஞாயிறு இரவு திரும்பத் தொடங்கும். இது லீவு நாளிலயும் நிக்குது எண்டா வீட்டுப் பக்கம்தான் முதல்ல பாக்க வேணும்.

என்னெண்டு தெரியும் எண்டு கேட்டனீங்கள். எங்கட பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளை யோசிச்சுப் பாருங்கோ, கனவீடுகளில அறைச்சுவர் கூரைக்கு முட்டாது, குசினிக்குள்ள குசுகுசுத்தாலும் அறைக்குள்ள கேக்கும், வடிவாக் கேக்காது, அதுதான் பிள்ளைக்கு இன்னும் மோசம், "காசு", "விடு", "ஏலாது", "போறன்" எண்டு துண்டு துண்டாக் கேக்க மிச்சத்தைப் பிள்ளை தானே நிரப்புது. சத்தமே கேக்காட்டியும் போன் அடிக்கேக்க நீங்கள் இவரின்ர முகத்தைப் பாக்கிறதை அவ பாக்கிறா, சோத்துப்பானை மூடியை நீங்கள் வைக்கிற சத்தம் நேற்றையப்போல இல்லை எண்டது அவவுக்குத் தெரியும், அப்பா ஓட்டோவை நிப்பாட்டிப்போட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உள்ளுக்கேயே இருக்கிறதும் தெரியும். பிள்ளையளின்ர முழுச் சீவியமும் உங்கள் ரெண்டு பேரிலயும்தானே தங்கியிருக்கு, அவை உங்களைப் பாக்காமல் ஆரைப் பாப்பினம்?

அமெரிக்காவில மார்க் கமிங்ஸ் எண்ட உளவியலாளர் பல வருசமா இதைத்தான் ஆராய்ஞ்சவர், பெரியாக்கள் சண்டை பிடிக்கிறதைப் பாக்கிற பிள்ளையளுக்கு என்ன நடக்குது எண்டு. அவர் கண்டதில எனக்குப் பிடிச்ச விசயம், சண்டை நடந்ததை விட அது எப்பிடி முடிஞ்சது எண்டதுதான் பிள்ளைக்குக் கூட முக்கியம். சண்டை பிடிச்ச ரெண்டு பேரும் பேந்து சமாதானமானதைப் பிள்ளை கண்டா பதட்டம் நல்லாக் குறையுது, உள்ளுக்குள்ள கதைச்சுத் தீத்துப்போட்டு வெளிய வந்து "நாங்கள் கதைச்சு முடிச்சிட்டம், இப்ப ஓகே" எண்டு சொன்னாலும் கணிசமாக் குறையுது. ஆனா கதையாமல் முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டிருக்கிற சண்டை இருக்கெல்லோ, சத்தம் இல்லாதது, அது பிள்ளையளுக்கு சத்தம் போடுற சண்டையைப் போலத்தான் இருக்குது. உங்கட வீட்டில சண்டை ஒளிச்சு நடக்குது, சமாதானமும் ஒளிச்சுத்தான் நடக்குது, பிள்ளைக்கு முதல் பாதி மட்டும் கிடைக்குது.

காசுப் பிரச்சினையைப் பற்றியும் ஒண்டு சொல்ல வேணும். 1980களில அமெரிக்காவின்ர அயோவாப் பக்கம் கமக்காரர் கனபேர் கடனுக்குள்ள போனவை, வட்டி ஏறிச்சு, காணி விலை விழுந்துது, பரம்பரைக் காணியே பறிபோன ஆக்கள் இருக்கினம். அந்தக் குடும்பங்களை ராண்ட் கொங்கர், கிளென் எல்டர் எண்ட ஆய்வாளர்கள் பல வருசமாத் தொடர்ந்து பாத்து எழுதினது என்னெண்டா, காசில்லாத கஷ்டம் பெரும்பாலும் நேர பிள்ளையைத் தாக்கிறேல்ல, கடன் தாய் தேப்பன்ர மனசை உடைக்குது, மனசு உடைய ரெண்டு பேருக்கும் இடையில சண்டை, சண்டை வர பிள்ளையளோட எரிஞ்சு விழுறது, அந்த வழியாத்தான் பிள்ளையிட்டப் போய்ச் சேருது. நீங்கள் ரெண்டு வரியில எழுதினதும் அதேதான் தங்கச்சி, லீசிங்காரர் அவரில, அவர் உங்களில, நீங்கள் பிள்ளையில. இதில எனக்கு ஒரு ஆறுதல் இருக்கு, கடன் முடியுமட்டும் பிள்ளை காத்திருக்கத் தேவையில்லை, நடுவில எங்க அறுத்தாலும் காணும்.

எங்க அறுக்கிறது? முதல்ல அந்தப் போன். இவர் கணக்கு விபரத்தையும் கொண்டு நேர கந்தோருக்குப் போய், மாசம் இவ்வளவுதான் ஏலும், தவணையை மாத்தி எழுதித் தாங்கோ எண்டு கேக்கட்டும், கேட்டதைக் கடிதமாயும் குடுக்கட்டும். ஒத்துக்கொள்ளுவினம் எண்டு நான் உறுதி சொல்ல மாட்டன், ஆனா எப்ப போன் வருமோ எண்டு நாள் முழுக்க நெஞ்சிடிச்சுக்கொண்டிருக்கிறது குறையும். பின்னேரம் சாப்பாட்டு நேரம் போனை சைலண்டில போட்டு அலுமாரிக்கு மேல வையுங்கோ. கடன் கதைக்கிறதுக்கு கிழமையில ஒரு நாள், ஒரு நேரம், கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு இருந்து கதையுங்கோ, ஒவ்வொரு இரவும் வேண்டாம், நித்திரை வாற நேரத்தில எடுக்கிற காசுக்கதை ஒரு நாளும் நல்லா முடிஞ்சதில்லை.

பிறகு பிள்ளைக்குச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து இருந்து, சுருக்கமா, உண்மையா. "அப்பாவின்ர ஓட்டோவுக்குக் காசு கட்டுறதில கொஞ்சம் கஷ்டம் இருக்கு, அதாலதான் நாங்கள் கோவமா இருந்தனாங்கள், அது உன்னால இல்லை, நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பாத்துக்கொள்ளுவம், நாங்கள் ஒருத்தரும் உன்னை விட்டிட்டுப் போகேல்ல." இவ்வளவும் போதும். எவ்வளவு கடன், ஆரிட்ட வட்டி, மாமா ஏன் தரேல்ல, இதெல்லாம் எட்டு வயசுக்குத் தேவையில்லை. "உன்னால இல்லை" எண்டதை மட்டும் விட்டிடாதேங்கோ, அந்த வயசுப் பிள்ளையள் வீட்டில என்ன பிழைச்சாலும் காரணத்தைத் தங்களிலதான் தேடுவினம், "நான் கொப்பி கேட்டபடியாத்தான் அப்பா கத்தினவர்" எண்டு எத்தினை பிள்ளையள் என்னட்டச் சொல்லியிருக்கினம்.

வயித்துக்குத்து வரேக்க ஏசவும் வேண்டாம், பெரிசா எடுத்துப் பள்ளிக்கூடத்தை நிப்பாட்டவும் வேண்டாம், சுடுதண்ணிப் போத்தலைத் துணியில சுத்தி வயித்தில வச்சு, பக்கத்தில கொஞ்ச நேரம் இருந்திட்டு அனுப்புங்கோ. நித்திரையில எழுப்பிற அளவுக்குக் குத்து, நிறை குறையிறது, மலத்தோட ரத்தம், விடாத சத்தி, காய்ச்சல், இதில ஏதும் கண்டா மட்டும் மனசுதான் எண்டு இருந்திடாமல் திரும்ப டொக்டரிட்டக் கொண்டு போங்கோ.

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் வெளிப்படையாக் கேக்கிறன், கோவிக்காதேங்கோ. 95 இடப்பெயர்வில எனக்கு 12 வயசு, மழையுக்குள்ள நாவற்குழிப் பாலத்தால நடந்து போனனாங்கள், பிறகு வன்னி, பிறகு முகாம். எங்களுக்கு ஆர் கவுன்சிலிங் தந்தது? நாங்கள் வளரேல்லையோ? இப்ப என்ர பெடியன் 11 வயசு, ஒரு ஏச்சுக்கே மூலையில போய் இருக்கிறான், நகத்தைக் கடிக்கிறான், இரவில லைற் போட்டாத்தான் படுப்பான். குழப்படிக்கு ரெண்டு அடி போட்டா மனிசி உங்கட பக்கத்தைக் கொண்டுவந்து காட்டுறா. வேலையால வந்து நான் கொஞ்சம் எடுக்கிறதுதான், அது உடம்பு அலுப்புக்கு. வேற ஒரு பிழையும் எங்கட வீட்டில இல்லை. (கோண்டாவில்)

பதில்: தம்பி, கோவிக்க என்ன இருக்கு, நீங்கள் எழுதினதே எனக்குப் பெரிய விசயம், எங்கட ஆம்பிளையள் இதைப்பற்றி எழுதுறதே குறைவு.

1995 ஒக்டோபர் கடைசியில யுத்தத்தால யாழ்ப்பாணத்தை விட்டு அந்தப் பாலத்தால போன சனம் ஒருத்தரும் அதை மறக்கேல்ல. ஆனா ஒண்டு கேக்கிறன், அண்டைக்கு நீங்கள் நடக்கேக்க உங்கட கையை ஆர் பிடிச்சிருந்தது? அம்மாவோ, அம்மம்மாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ, ஆரோ பிடிச்சிருப்பினம். தென்மராட்சியில ஒரு வீட்டுக்குள்ள கனகுடும்பம் சேர்ந்து இருந்த காலம், ஒரு பானையில சமைச்ச காலம், அப்பா பேசாமல் விறைச்சுப்போய் இருந்தாலும் மடியில வச்சுச் சோறு தீத்த இன்னொரு ஆள் இருந்தது. உங்களை வளர்த்தது அந்தக் கையள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலயே கனகாலம் மனநல வைத்தியரா இருந்தவர், யுத்தத்தின்ர காயம் தனி ஆளோட நிக்கிறேல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத்தான் தாக்குது எண்டு அவர் விளங்கப்படுத்தி எழுதியிருக்கிறார். அந்த ஊர்க்கட்டு இப்ப உங்கட மகனுக்கு இல்லை, மதில் கட்டி கேற் போட்ட வீட்டுக்குள்ள அவனுக்கு நீங்களும் மனிசியும் மட்டும்தான்.

2008ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு, கிளவ்டியா கட்டானி எண்ட ஆய்வாளரும் மற்றவையும் வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளையளில செய்தது. பிள்ளையளுக்கு வீட்டில விழுற அடி உதைக்கும் ரெண்டு விசயத்துக்கும் தொடர்பு இருந்தது, யுத்தத்துக்குள்ள அகப்பட்டது ஒண்டு, தேப்பன் குடிக்கிறது மற்றது. 2015ல வெளிவந்த, வடக்கில நடந்த இன்னொரு ஆய்வு கண்டது, கனக்கக் கண்டு அனுபவிச்ச பிள்ளையளிலயும் தாய் தேப்பன்ர அன்பும் கவனிப்பும் இருந்த பிள்ளையளுக்கு உள்ளுக்குள்ள ஒடுங்கிப்போற பிரச்சினை குறைவு எண்டு. உங்கட மகன் ஒரு ஷெல் சத்தமும் கேட்டதில்லை, அவன் பிறக்க முதலே எல்லாம் முடிஞ்சுது. அப்ப அவன் ஏன் லைற் போட்டுப் படுக்கிறான்? வீட்டுக்கு வாற அப்பா எந்த அப்பா எண்டு படலை திறக்கிற சத்தத்தில தெரியவேண்டி இருக்கிற பிள்ளை ஒவ்வொரு பின்னேரமும் காவலுக்கு நிக்கிற மாதிரித்தான். அந்த உடம்பு இரவிலயும் ஆறாது.

நீங்கள் கெட்ட தேப்பன் எண்டு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டன். உங்களுக்கு இப்பவும் வெடிச்சத்தத்துக்குத் தூக்கிப்போடுதோ, நித்திரையில கத்துறியளோ, குடிக்காட்டி நித்திரை வராதோ, இதுகளை நீங்கள் எழுதேல்ல, ஆனா எனக்குக் கேக்காமல் இருக்கேலாமல் கிடக்கு. ஓம் எண்டா அது அலுப்பு இல்லை, வைத்தியம் உள்ள வருத்தம். யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலயும் மனநலப் பிரிவு இருக்கு, காசு இல்லை. நேர போக யோசிச்சா 1926க்கு எடுங்கோ, அது தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம். கனகாலமா ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர் எண்டா திடீரெண்டு தனிய நிப்பாட்டாமல் டொக்டரைக் கேட்டு நிப்பாட்டுங்கோ, உடனே விட்டா வலிப்பு மாதிரிக் கரைச்சல் வரலாம்.

பெடியனுக்கு அடிக்கிறதை இண்டையோட விடுங்கோ, இதில எனக்கு ரெண்டாவது அபிப்பிராயம் இல்லை. அடிச்ச பிள்ளை திருந்தினதை விட ஒளிக்கப் பழகினதைத்தான் நான் கனக்கக் கண்டிருக்கிறன். கோவம் ஏறேக்க கிணத்தடிக்குப் போய் முகத்தில ரெண்டு வாளி தண்ணி ஊத்திப்போட்டு வந்து கதையுங்கோ. பிறகு ஒரு நாள் அந்தப் பாலத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ, 12 வயசில எவ்வளவு பயந்தனீங்கள் எண்டதைச் சொல்லுங்கோ, பெரிய வீரமாச் சொல்லாமல் பயத்தையே சொல்லுங்கோ. அப்பாவும் பயந்தவர் எண்டு தெரிஞ்சா அவனுக்குத் தன்ர பயத்தைச் சொல்ல வாய் வரும்.

கேள்வி: அக்கா, இவர் கத்தாரில. எனக்கும் மாமியாக்களுக்கும் சரிவராது, அதால எனக்கும் இவருக்கும் வீடியோ கோலில ஒவ்வொரு நாளும் வாக்குவாதம். இப்ப நான் கதைக்கிறேல்ல, மகனைக் கொண்டுதான் எல்லாம் சொல்லுவிக்கிறன். அவனுக்கு 14, நல்லாப் படிச்சவன், இந்தத் தவணை எல்லாப் பாடத்திலயும் விழுந்திட்டான், ஆனா வீட்டு வேலை முழுக்கச் செய்யிறான், என்னை ஒண்டும் கேக்கிறதில்லை. பொறுப்பான பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கு மட்டும் என்னவோ செய்யுது. (நெல்லியடி)

பதில்: உங்களுக்குச் செய்யிறது சரியாத்தான் செய்யுது. 14 வயசில ஒண்டும் கேக்காத, ஒண்டுக்கும் முரண்டு பிடிக்காத பெடியனைப் பாத்து ஊர் மெச்சும், எனக்கு அப்பிடிப் பிள்ளையளிலதான் யோசனை கூட. தாய்க்கும் தேப்பனுக்கும் நடுவில தூது போற பிள்ளை ரெண்டு பேரின்ர கோவத்தையும் காவ வேணும், "அம்மா சொன்னவ காசு காணாதாம்" எண்டதை அப்பா கோவிக்காத மாதிரி மாத்திச் சொல்ல வேணும், அவர் ஏசினதை உங்களுக்கு நோகாத மாதிரி மாத்திச் சொல்ல வேணும், அந்த வேலைக்கே முழு மூளையும் போகுது, பிறகு கணக்கும் விஞ்ஞானமும் எங்க ஏறும்?

இண்டைக்கே அவனை அதில இருந்து எடுத்து விடுங்கோ. கோல் எடுக்க மனம் இல்லாட்டி இவருக்கு நீங்களே வாய்ஸ் மெசேஜ் போடுங்கோ, வடிவா யோசிச்சுப் போடலாம், கத்தவும் வராது. அவருக்கும் அங்க வெயிலுக்குள்ள வேலை செய்துபோட்டு ஆறு பேர் இருக்கிற அறையுக்குள்ள இருந்துதான் உங்களோட கதைக்க வேண்டி இருக்கும், அதையும் நினையுங்கோ. மகனுக்கும் தேப்பனுக்கும் தனிய ஒரு கோல் இருக்கட்டும், கிழமையில ரெண்டு தரம் எண்டாலும், அதில கிரிக்கட்டைக் கதைக்கட்டும், உங்கட பெயரே வரத் தேவையில்லை. வகுப்பு ரீச்சரிட்ட ஒருக்கா நேர போய்ச் சொல்லுங்கோ வீட்டில கொஞ்சம் கஷ்டம் எண்டு, கனக்க விளக்க வேண்டாம். மாமியாக்களின்ர பிரச்சினையை அடுத்த முறை விபரமா எழுதுங்கோ, அது வேற கதை.

கேள்வி: எனக்கு ஏழு மாசக் குழந்தை. எனக்கு எந்த நேரமும் அழுகையும் எரிச்சலும். என்ர முகத்தைப் பாத்துப் பிள்ளையும் கெட்டுப்போகுமோ? (சாவகச்சேரி)

பதில்: கெட்டுப்போகாது, பயப்பிடாதேங்கோ. எட்வர்ட் ட்ரோனிக் எண்டவர் 1970களில ஒரு பரிசோதனை செய்தவர், தாய் குழந்தையோட விளையாடிப்போட்டு திடீரெண்டு முகத்தை அசையாமல் வச்சிருப்பா, குழந்தை சிரிச்சு, கையை நீட்டிக் கூப்பிட்டுப் பாத்து, ஏலாமல் அழும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதி. அவரே பிறகு சொன்னது, சாதாரணத் தாய்மாரும் குழந்தையோட பொருந்திப் போறது மூண்டில ஒரு பங்கு நேரம் அளவிலதான், மிச்சம் பிசகிப் பிசகித் திரும்பச் சேருறது, அந்தத் திரும்பச் சேருறதுதான் குழந்தையை வளர்க்குது எண்டு. அதால அழுது முடிச்சாலும் தூக்கிக் கொஞ்சுங்கோ, அது கணக்கில வரும்.

ஆனா ரெண்டு கிழமைக்கு மேல இப்பிடியே இருந்தா அது பேறுக்குப் பிறகு வாற மனச்சோர்வா இருக்கலாம், உங்கட பகுதி மிட்வைஃபுக்குச் சொல்லுங்கோ, அவையளுக்கு இது பழக்கமான விசயம், கிளினிக்கில சொல்லி டொக்டரிட்ட அனுப்புவினம். உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதும் செய்திடுவனோ எண்டு ஒரு நினைப்பு வந்தாலும் இரவு பகல் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, தனிய இருக்காதேங்கோ.

கேள்வி: பிள்ளை, நான் அம்மம்மா. பேத்தி அஞ்சாம் வகுப்பு, புலமைப்பரிசில் எடுக்கப்போறாள். மகள் வேலையால வந்து இரவு பத்து மணிமட்டும் வினாத்தாள் செய்விக்கிறாள், ஒரு புள்ளி குறைஞ்சா கத்தல், பிள்ளை படுக்கையில சலம் போகத் தொடங்கீட்டுது. நான் வாய் திறந்தா "நீங்கள் பேசாமல் இருங்கோ" எண்டுறாள். (மானிப்பாய்)

பதில்: அம்மா, முந்திப் போகாமல் இருந்த பிள்ளை இப்பப் போகுது எண்டா முதல்ல ஒரு சலப் பரிசோதனை செய்விச்சு கிருமியோ சீனியோ இல்லை எண்டு பாக்கச் சொல்லுங்கோ. இல்லை எண்டா இது பெரும்பாலும் பயத்துக்குத்தான். பத்து வயசில எழுதுற அந்தச் சோதனை வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் குடுக்கவும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு எடுக்கவும் வச்சது, எடுக்காத பிள்ளையும் அதே ஓ.எல்.லையும் ஏ.எல்.லையும்தான் எழுதப்போகுது.

மகளோட வாதாடாதேங்கோ, அவவும் பயத்திலதான் கத்துறா, தன்னை நாலு பேர் கேப்பினம் எண்ட பயம். நீங்கள் அவவின்ர வேலையில ஒரு துண்டை எடுங்கோ, இரவுச் சமையலை எண்டாலும், ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போய்வாறதை எண்டாலும். மகளுக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சினா வினாத்தாள் ஏழரைக்கே முடியும். ஒன்பது மணிக்குப் பேத்தி உங்களுக்குப் பக்கத்தில படுக்கட்டும், விரிப்பு நனைஞ்சா காலமை ஒருத்தருக்கும் சொல்லாமல் நீங்களே தோய்ச்சுக் கொடியில போட்டிடுங்கோ.